வாங்குவோரும் வருந்துவோரும்: ‘மாக்ஸ் ஹவலார்’ புதினம் பற்றிய ஒரு திறனாய்வு

ஓர் இலக்கியப் படைப்பு வெளிவந்து நூற்றாண்டு கடந்தபின், அதன் கதைத் தலைவனின் பெயர் கடைத்தெருவில் விற்கப்படும் பொருளொன்றின் மீது முத்திரையாகப் பொறிக்கப்படுவது உலக இலக்கிய வரலாற்றில் அரிதாக நிகழ்வதொன்றாகும். டச்சு மொழியில் 1860ஆம் ஆண்டு வெளிவந்த ‘மாக்ஸ் ஹவலார்’ என்னும் புதினத்திற்கு அத்தகைய பேறு வாய்த்தது. 1988ஆம் ஆண்டு நெதர்லாந்தில், ஏழை நாட்டு உழவர்க்கு உரிய விலை கொடுத்து வாங்கப்பட்ட காப்பி என்பதற்குச் சான்றாக ஒரு முத்திரை உருவாக்கப்பட்டபோது, அதற்கு ‘மாக்ஸ் ஹவலார்’ என்றே பெயர் சூட்டினர். இன்று உலகெங்கும் ‘நியாய வணிகம்’ என அறியப்படும் முத்திரைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

ஒரு புதினத்திற்கும் ஒரு காப்பிப் பொட்டலத்திற்கும் ஏற்பட்ட இவ்வுறவு திறனாய்வுக்குரியது. அப்புதினம் வாங்குவோரிடம் கேட்ட கேள்விக்கு இம்முத்திரை விடையாகுமா? தோட்டப்புறத்தில் வேரூன்றி வளர்ந்த நம் மலேசியத் தமிழ்ச் சமுதாயத்திற்கு இந்நூல் கற்பிப்பது யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நூலும் ஆசிரியரும்

இந்நூலை எழுதியவர் எடுவார்ட் டௌவெஸ் டெக்கர் (1820–1887). ‘முல்தாத்துலி’ என்பது அவர் புனைந்துகொண்ட பெயர். ‘மிகுதியும் துன்புற்றேன்’ என்பது இலத்தீன் மொழியில் அதன் பொருள். இளமையிலேயே இன்றைய இந்தோனேசியாவாகிய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று அரசுப் பணியில் அமர்ந்த அவர், 1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்குச் சாவகத்தில் உள்ள லெபாக் என்னும் மாவட்டத்தில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார். அங்கே உள்ளூர்க் குறுநிலத் தலைவர் குடிமக்களிடம் கூலியின்றி வேலை வாங்குவதையும், அவர்தம் எருமைகளைக் கவர்வதையும் கண்டு மேலிடத்தில் முறையிட்டார். மேலிடம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுத்துக் குற்றம் சாட்டியவரையே கடிந்துகொண்டது. சில திங்களுக்குள் டெக்கர் பதவி துறந்தார். மூன்றாண்டுகள் வறுமையில் உழன்றபின், 1859ஆம் ஆண்டில் பிரசல்ஸ் நகரத்தில் இருந்துகொண்டு இந்நூலை எழுதி முடித்தார்.

அக்காலத்துச் சாவகத்தின் நிலையையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1830ஆம் ஆண்டு முதல் டச்சு அரசு அங்கே கட்டாயச் சாகுபடி முறையைப் புகுத்தியிருந்தது. குடியானவர்கள் தம் நிலத்திலும் உழைப்பிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, காப்பி, கரும்பு, அவுரி போன்றவற்றைப் பயிரிட்டு, அரசு விதித்த விலைக்கே அரசிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவ்விளைபொருளை டச்சு வணிகக் கழகம் கப்பலேற்றி ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டது. ஏலத்தில் கிடைத்த ஊதியம் நெதர்லாந்தின் கடனை அடைத்தது. அந்நாட்டிற்கு இருப்புப்பாதையும் அமைத்துத் தந்தது. அதே காலத்தில், 1849–1850ஆம் ஆண்டுகளில், நடுச்சாவகத்தின் டெமாக், குரோபோகன் வட்டாரங்களில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. விளைநிலம் நிறைந்த நாட்டில் மக்கள் பசியால் மாண்டனர்.

காப்பித் தரகன் கூறும் கதை

இத்தகைய கொடுமையைச் சொல்லப் புகும் ஆசிரியர் எவரும் அதைத் துன்புற்றோர் வாயிலாகவோ, அவர்பால் இரக்கம் கொண்டோர் வாயிலாகவோ சொல்லவே விரும்புவர். முல்தாத்துலி அவ்வாறு செய்திலர். கதையைத் தொடங்கும் பொறுப்பை ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பித் தரகன் ஒருவனிடம் ஒப்படைக்கிறார். அவன் பெயர் டிரோக்ஸ்டோப்பல். உலர்ந்த அரிதாள் என்று அப்பெயரைத் தமிழில் பெயர்க்கலாம். தன்னை அறிமுகம் செய்யும்போதே தன் தொழிலையும் வீட்டு முகவரியையும் கூறுகிறான். நூல் நெடுகிலும் அம்முகவரியை வாய்ப்பாடு போல் ஒப்புவிக்கிறான். கவிதையும் நாடகமும் பொய் பேசுவன என்பது அவன் கொள்கை. உண்மை ஒன்றையே தான் விரும்புவதாகவும், நேர்மையாக வணிகம் செய்து வாழ்வதாகவும் பெருமை பேசுகிறான். திருக்கோயில் தவறாது செல்கிறான். அங்கே வாவலார் என்னும் போதகர், சாவகத்து மக்களை உழைப்பின் வாயிலாக இறைவனிடம் சேர்க்க வேண்டும் என்று அருளுரை ஆற்றும்போது மனம் மகிழ்கிறான். உழைப்பு மிகுந்தால் காப்பியும் மிகும் அல்லவா?

இவனுடைய பழைய பள்ளித் தோழன் ஒருவன் மேலங்கி வாங்கவும் வகையின்றிச் சால்வை போர்த்துத் திரிகிறான். அச்சால்வைக்காரன் ஒரு கட்டு எழுத்துப்படிகளை இவனிடம் சேர்த்து, அச்சேற்ற உதவுமாறு வேண்டுகிறான். கட்டைப் பிரித்துப் பார்த்த தரகன், அதில் காப்பி பற்றிய செய்திகளும் இருக்கக் கண்டு, தன் தொழிலுக்குப் பயன்படும் ஒரு நூலை அதிலிருந்து எழுதுமாறு தன் அலுவலகத்தில் பணி பழகும் ஸ்டெர்ன் என்னும் செருமானிய இளைஞனை ஏவுகிறான். இளைஞனோ காப்பிச் செய்திகளை விடுத்து, லெபாக்கில் ஹவலார் என்னும் அதிகாரி நடத்திய அறப்போரை எழுதத் தொடங்கிவிடுகிறான். காப்பிக் கணக்கை எதிர்பார்த்தவன் கண்ணீர்க் கதையைக் கேட்க நேர்கிறது. அவன் கேட்டுக்கொண்டே கொட்டாவி விடுவதையும் குறுக்கிட்டுக் குறை கூறுவதையும் நூல் மறைக்கவில்லை.

இவ்வுத்தியே இந்நூலின் தலையாய சிறப்பு என்பது என் கருத்து. லெபாக்கில் காப்பி முதன்மையான விளைபொருள் அன்று. அவ்வாறிருந்தும் ‘டச்சு வணிகக் கழகத்தின் காப்பி ஏலங்கள்’ என்றே நூலின் துணைத் தலைப்பு அமைந்துள்ளது. காப்பி பற்றி அறிய விரும்பும் வணிகனையும் கதை படிக்க விரும்பும் வாசகனையும் ஒரே தலைப்பால் உள்ளே அழைத்து, இருவரையும் ஓர் எருமைக் கன்றின் முன் நிறுத்துகிறார் ஆசிரியர்.

எருமையின் கதை

நூலின் பதினேழாம் இயலில் இடம்பெறும் சைஜா, அடிந்தா ஆகியோரின் கதை உலகப் புகழ் பெற்றது. சைஜாவின் தந்தையிடமிருந்து எருமை பறிக்கப்படுகிறது. தன் தந்தை வைத்துச் சென்ற குத்துவாளை விற்று மற்றோர் எருமை வாங்குகிறான், அதுவும் பறிபோகிறது. மனைவியின் பெற்றோர் விட்டுச் சென்ற வெள்ளிக் கொக்கிகளை விற்று மூன்றாவது எருமை வாங்குகிறான். புலியிடமிருந்து சிறுவன் சைஜாவைக் காத்த அவ்வெருமையும் பறிக்கப்பட்டு வெட்டப்படுகிறது. அதன்பின் உழவும் இல்லை. நிலவரி செலுத்த வழியும் இல்லை. தந்தை வேலை தேடி ஊரைவிட்டு ஓடுகிறான். அனுமதிச் சீட்டின்றிச் சென்ற குற்றத்திற்காகக் கசையடி பெற்று மடிகிறான். வளர்ந்த சைஜா எருமை வாங்கப் பொருள் ஈட்டுவதற்காகப் பத்தாவியா நகரம் செல்கிறான். முப்பத்தாறு திங்கள் கழிந்தபின் கெத்தாப்பான் மரத்தடியில் சந்திப்பதென அவனும் அடிந்தாவும் உறுதி கூறிப் பிரிகின்றனர். அவன் திரும்பி வந்தபோது மரத்தடியில் எவரும் இல்லை. அவள் குடும்பமும் எருமையிழந்து கடல்கடந்து லாம்போங் சென்று கலகக்காரருடன் சேர்ந்துவிட்டது. படைவீரர்கள் எரித்த ஊரில் அவள் உடலையே அவன் காண்கிறான். துப்பாக்கி முனைக் கத்திகளின் மீது தானே பாய்ந்து உயிர் துறக்கிறான்.

இக்கதை நம் நெஞ்சை உருக்குவதற்குக் காரணம் காதலன்று; கணக்கு. எருமை எத்தனை, அதற்கு ஈடாக விற்கப்பட்ட பொருள் யாது, வரி செலுத்த இயலாமற் போனது எதனால் என்று ஒரு கணக்கப்பிள்ளையைப் போல் ஆசிரியர் வரிசைப்படுத்துகிறார். தரகன் தன் பேரேட்டில் எழுதாத கணக்கை ஆசிரியர் எழுதிக் காட்டுகிறார். பிறகு கதையை நிறுத்தி, சைஜா என்னும் பெயருடைய ஒருவன் இருந்தானா என்பது தமக்குத் தெரியாது என்றும், ஆனால் அத்தகையோர் பலர் இருந்தனர் என்பதற்குச் சான்று காட்ட வல்லேன் என்றும் அறைகூவல் விடுக்கிறார். இறுதி இயலில் ஸ்டெர்னையும் தரகனையும் மேடையை விட்டு வெளியேற்றி, முல்தாத்துலி தாமே எழுதுகோலைப் பிடித்து, நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியமை நேரே விளித்து முறையிடுகிறார். கலைக்கட்டுப்பாடு இவ்விடத்தில் உடைகிறது என்போர் உளர். எனினும், புனைகதை என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகும் வாய்ப்பை வாசகனுக்குத் தர அவர் விரும்பவில்லை என்பதை நாம் உணர்தல் வேண்டும். நூலினுள்ளே சர்க்கரை வணிகர் வீட்டு விருந்தில் கவிதை கேட்டுக் கண்ணீர் விடும் பெண்மக்களை அவர் காட்டியிருக்கிறார். அக்கண்ணீரால் சர்க்கரையின் விலையும் மாறவில்லை. கரும்பு வெட்டுவோரின் வாழ்வும் மாறவில்லை.

நூலின் குறைபாடுகள்

புகழ்ந்துரைத்தல் மட்டும் திறனாய்வாகாது. இந்நூலில் இரு பெருங் குறைகள் உள.

முதலாவது, சாவகத்து மக்கள் தாமாகப் பேசுவது மிகக் குறைவு. சைஜாவின் பாடல்கள் நீங்கலாக, அவர்தம் துயரத்தை ஐரோப்பிய அதிகாரி ஒருவனே எடுத்துரைக்கிறான். கதைத் தலைவன் ஹவலாரின் பெருந்தன்மையைப் பாடும் இடங்கள், ஆசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதாக முடிகின்றன.

இரண்டாவது, பழியின் பெரும்பங்கு உள்ளூர்த் தலைவரின் மீதும் கோழைத்தனமான அதிகாரிகளின் மீதும் விழுகிறதே ஒழிய, அயலார் ஆட்சியே தகாது என்னும் முடிவுக்கு நூல் வரவில்லை. நல்ல அதிகாரி வந்தால் நாடு நலம் பெறும் என்பதே அதன் உள்ளக்கிடக்கை.

இக்குறைகள் இருந்தும் நூலின் விளைவு பெரிது. கட்டாயச் சாகுபடிக்கு எதிரான வாதங்களுக்கு அது வலுவூட்டியது. 1870ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் அம்முறை படிப்படியாகத் தளர்ந்தது. இந்தோனேசியாவின் பெரும் புதின ஆசிரியர் பிரமூதியா அனந்த தூர், 1999ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், குடியேற்ற ஆட்சியையே கொன்ற நூல் எனும் அளவிற்கு இதனைப் போற்றினார். ஒரு நூல் தனித்து அத்துணை செய்தல் இயலாது என்பது என் எண்ணம். ஆயினும் அடிமைப்பட்ட நாட்டின் எழுத்தாளர் ஒருவரே அவ்வாறு போற்றினார் என்பது கருதத்தக்கது.

ஆசிரியரின் வாழ்விலும் ஒரு முரண் உண்டு. நூலை அச்சேற்ற உதவிய எழுத்தாளர் வான் லென்னெப்பிடம் நூலுரிமையை எழுதிக் கொடுத்தார் முல்தாத்துலி. வான் லென்னெப் இடப்பெயர்களையும் ஆண்டுகளையும் மறைத்து, நூலின் கூர்மையை மழுக்கி வெளியிட்டார். உரிமையை மீட்க நீதிமன்றம் சென்றும் பயன் விளையவில்லை. உழைத்தவன் கையைவிட்டு உழைப்பின் பயன் நழுவும் கதையை எழுதியவருக்கும் அதுவே நேர்ந்தது.

முத்திரை செய்வதும் செய்யாததும்

இனி முத்திரைக்கு வருவோம். மெக்சிக்கோ நாட்டின் ஓஅக்சாக்கா மலைப்பகுதியில் காப்பி உழவர் கூட்டுறவு ஒன்றோடு பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான்டெர் ஹோஃப் என்பாரும், நெதர்லாந்தில் நீகோ ரோசன் என்பாரும் சேர்ந்து 1988இல் இம்முயற்சியைத் தொடங்கினர். அறக்கொடையாக அன்றி, உரிய விலையாகவே உழவர் பொருள் பெற வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். உலகச் சந்தையில் விலை எவ்வளவு சரிந்தாலும் குறிப்பிட்ட அளவிற்குக் கீழே போகாமல் தாங்கும் அடிப்படை விலை ஒன்று. அதன்மேல் உழவர் கூட்டுறவு தானே முடிவெடுத்துச் செலவிடும் கூடுதல் தொகை ஒன்று. இவ்விரண்டுமே முத்திரையின் உயிர்நாடி.

இதன் பயனைக் காலமே மெய்ப்பித்தது. 1989ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையிலான காப்பி உடன்பாட்டின் பங்கீட்டு முறை முறிந்தது. விலை வீழ்ந்தது. 2001ஆம் ஆண்டு வாக்கில் உயர்வகைக் காப்பி ஒரு பவுண்டு எடைக்கு அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 45 காசு என்னும் நிலைக்குச் சரிந்தபோது, முத்திரை பெற்ற உழவர் 1 வெள்ளி 26 காசு பெற இயன்றது. 2023ஆம் ஆண்டில் கழுவிப் பதப்படுத்திய உயர்வகைக் காப்பிக்கு அவ்வடிப்படை விலை 1 வெள்ளி 80 காசாக உயர்த்தப்பட்டது. கூடுதல் தொகை 20 காசு. சந்தை விலை அதற்கு மேலே ஏறுமாயின் சந்தை விலையே கொடுக்கப்படும். இதனைச் சிறு செயல் என்று ஒதுக்குதல் அறியாமையாகும்.

எனினும் முத்திரை எட்டாத இடங்களும் உள. முத்திரை விதிகளின்படி காப்பிக்கான சான்று சிறு உழவர் கூட்டுறவுகளுக்கே உரியது. அச்சிறு உழவரிடம் அறுவடைக் காலத்தில் நாட்கூலிக்குக் காய் பறிப்பவரின் கைக்கு அவ்விலையின் பயன் எவ்வளவு சென்று சேர்கிறது? எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் ஆய்வு நடத்தி இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, முத்திரை பெற்ற அமைப்புகள் உள்ள பகுதிகளில் கூலியாட்களின் ஊதியம் பிற பகுதிகளைக் காட்டிலும் மேம்பட்டதாக இல்லை என்று கூறியது. முத்திரை அமைப்பினர் அவ்வாய்வின் ஒப்பீட்டு முறையை மறுத்துரைத்தனர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், நிலமுடையோரின் விலையும் நிலமற்றோரின் கூலியும் வெவ்வேறு என்னும் உண்மை தெளிவாகிறது.

இங்கேதான் புதினத்தின் கேள்வி முத்திரையைக் கடந்து நிற்கிறது. முத்திரைக்கு ஹவலாரின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் நூலில் வாங்குவோரின் பக்கத்தில் நிற்பவன் ஹவலார் அல்லன், டிரோக்ஸ்டோப்பல். முத்திரையிட்ட பொட்டலத்தை எடுக்கும் நாம் நம்மை ஹவலாராக எண்ணி மகிழ்கிறோம். தன் நேர்மையில் ஐயமே கொள்ளாத தரகன் நம்முள்ளும் இருக்கக்கூடும் என்பதைப் பொட்டலம் நினைவூட்டுவதில்லை, புதினம் நினைவூட்டுகிறது.

நம் பண்டை இலக்கியமும் வணிக அறத்தை மறந்ததில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வணிகர்க்கு அறமென வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்துள் வகுத்தார். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இவ்வறங்களெல்லாம் வாங்குவோனும் விற்போனும் முகம் பார்த்து நின்ற அங்காடியில் பிறந்தவை. பறிப்பவருக்கும் பருகுவோருக்கும் இடையே கடலும் கப்பலும் ஏலமும் ஆலையும் வந்து புகுந்தபின், அறம் எவரைச் சாரும்? அக்கேள்விக்குப் புனைகதை வடிவில் ஆழ்ந்த விடை தேடிய நூல்களுள் ‘மாக்ஸ் ஹவலார்’ முன்வரிசையில் நிற்பது.

தமிழ்ப் புனைகதைகளில் காணாத மனிதன்

தோட்டத் தொழிலாளரின் துயரை நம்மவரும் எழுதியுள்ளனர். புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய புதினம், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இன்மொழியை நம்பி, முன்பணம் பெற்று மலையேறி, தீராத கடனிலும் நோயிலும் சிக்குவதை அது காட்டுகிறது. நம் நாட்டுப் பால்மரத் தோட்ட வாழ்வை அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ புதினத்தில் வரைந்தார். மலேசிய எழுத்தாளர் பலரும் அவ்வாழ்வை உள்ளிருந்தே எழுதினர்.

இவற்றில் துரை உண்டு, கிராணி உண்டு, கங்காணியும் மேஸ்திரியும் உண்டு. அத்தேநீரைப் பருகியவரும் அவ்ரப்பரில் செய்த சக்கரத்தில் பயணம் செய்தவரும் கதைமாந்தராக இடம்பெறுவது மிக அரிது. கங்காணியோடு கொடுமையின் சங்கிலி அறுந்துவிடுகிறது. முல்தாத்துலி சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தார். ஆனால் தொழிலாளரின் உள்ளத்தினுள் புக அவரால் இயலவில்லை. டேனியலின் நூல் அவ்வுள்ளத்தையும் உடலின் நோவையும் அறிந்தது. கலைநயத்தில் ‘மாக்ஸ் ஹவலா’ருக்கு ஈடாகாது எனினும், வரிசை வீட்டின் உள்ளிருந்து எழுதப்பட்டது போன்ற மெய்ம்மை அதற்குண்டு. இரு முனைகளையும் ஒருங்கே பற்றிய புதினம் தமிழில் இனி எழுதப்பட வேண்டும் என்பது என் அவா.

அதனை எழுதுதற்குரிய களம் நம் கண்முன்னே உள்ளது. நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனைக் காடாகிவிட்டது. அங்கே குலை வெட்டுவோருள் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். முகவருக்குக் கட்டணம் செலுத்தக் கடன் வாங்கி வந்தோர் அவர்களுள் பலர். முன்பணத்தின் பெயர் மாறியிருக்கிறது, தன்மை மாறவில்லை. சைஜா கடல்கடந்து வந்து நம் அண்டை வீட்டுக்காரனாகியிருக்கிறான். கருப்பனின் வழிவந்த நாமோ, பேரங்காடியில் எண்ணெயும் சோப்பும் வாங்கும் இடத்தில் நிற்கிறோம். துன்புற்றோரின் வழிவந்தோர் என்னும் தகுதி, இன்று துன்புறுவோரைக் காணாதிருக்க நமக்கு உரிமை தராது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1868 முதலே கிடைக்கிறது; மலாய் மொழிக்கு நெருங்கிய இந்தோனேசிய மொழியில் எச். பி. யாசின் 1972இல் பெயர்த்துள்ளார். எனவே உயர்வகுப்பு மாணவர்க்கும் பயிற்சி ஆசிரியர்க்கும் இது எட்டாக்கனி அன்று. சைஜாவின் கதையை ‘எரியும் பனிக்காடு’ புதினத்தின் முற்பகுதியோடு ஒப்பிட்டு வகுப்பில் பயிற்றலாம். கதைகூறுவோன் மாறினால் கதையின் அறம் எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர் உணர்வதற்கு இதனினும் தக்க பாடம் அரிது. சைஜாவின் கதையைத் தரகனின் பேரேட்டு நடையில் ஒரு பக்கம் எழுதிவருமாறு பணிக்கலாம். எழுதும்போதே எவையெல்லாம் கணக்கில் ஏறாமல் விடுபடுகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

அதன்பின் வீட்டிலுள்ள காப்பி அல்லது தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து வினாக்கள் எழுப்பலாம். இது எங்கே விளைந்தது? விளைத்தவர் நிலமுடையவரா, கூலியாளா? அவர் பெற்றது என்ன? முத்திரை இருப்பின் அது யாருக்கு எதனை உறுதி செய்கிறது? முத்திரை இல்லாததனாலேயே அது தீயது என்றோ, விலை மிகுந்த பொட்டலத்தை வாங்க இயலாத ஏழைக் குடும்பம் அறம் பிறழ்ந்தது என்றோ மாணவர் முடிவு கட்டாதவாறு ஆசிரியர் காத்தல் வேண்டும். வாங்குவோரின் நல்லெண்ணம் வேண்டற்பாலதே. ஆனால் அது கூலிச் சட்டத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் நேர்மையான ஆய்வதிகாரிக்கும் மாற்றாகாது. முல்தாத்துலி தம் முறையீட்டைக் கடைத்தெருவுக்கு எழுதாமல் ஆட்சியின் தலைவருக்கு எழுதினார் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நம் கடமை.

ஏழை நாட்டுத் தொழிலாளர்க்கு நியாயம் கிடைக்க வேண்டுமெனில் முத்திரையும் வேண்டும், சட்டமும் வேண்டும், அவ்விரண்டும் எட்டாதோரைக் காட்டும் இலக்கியமும் வேண்டும். அவ்விலக்கியத்தைப் படைக்கும் தகுதி நம் மாணவரிடம் உண்டு. தோட்டத்தின் மணமும் அங்காடியின் ஒளியும் ஒருசேர அறிந்த தலைமுறை அவர்களுடையது. அவர்கள் எழுதுகோல் ஏந்துமாறு பயிற்றுவது தமிழாசிரியராகிய நம் பொறுப்பாகும்.